மச்சான் கடை நம்பர்

எங்கள் குடியிருப்பில் சுவர் என்பது பேருக்குத்தான். பக்கத்து வீட்டில் வெங்காயம் நறுக்கினால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். நான் தையல்காரி. திரைச்சீலை, தலையணை உறை, பள்ளிக்கூடச் சீருடை என்று வருவதைத் தைப்பேன். அந்தச் சுவரை ஒட்டித்தான் மெஷினைப் போட்டிருக்கிறேன், வெளிச்சம் அங்கேதான் விழுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய சாப்பாட்டு மேஜை. ஒட்டுக்கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். காதைக் கழற்றி வைத்துவிட்டா தைக்க முடியும்?

அந்த வீட்டுக்காரரை எல்லோரும் ஐஸ் என்றுதான் சொல்வார்கள். ஃபிரிட்ஜ், ஏசி, கடைகளிலும் கிடங்குகளிலும் இருக்கிற பெரிய குளிர் அறைகள் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவர். பேர்தான் ஐஸ், ஒருத்தருக்கு ஐஸ் வைத்துப் பேசத் தெரியாது. பேசவே தெரியாது என்றுகூடச் சொல்லலாம். படியில் எதிரே வந்தால் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார், அதுதான் அவர் பேச்சு. அவர் பெண்டாட்டியை எல்லோரும் அண்ணி என்பார்கள். என்னைவிடச் சின்னவள். மெக்கானிக்குகள் குரூப்பில் ஆளாளுக்கு அண்ணி அண்ணி என்று கூப்பிட்டு, அது படியிறங்கித் தெருவுக்கும் வந்து, கடைசியில் எனக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். என்னை அவள் தையலக்கா என்பாள்.

குரூப் என்றால் போனில் இருக்கிற குரூப். தொடங்கியவர் ஐஸ்தான். எந்த மாடலில் எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த மோட்டார் எப்படிச் சத்தம் போட்டால் என்ன கோளாறு என்று மெக்கானிக்குகள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள. ஆனால் அவர் விரலில் எந்நேரமும் எண்ணெய்ப் பசை. திரையைத் தேய்த்தால் ஒன்றும் நகராது, நகர்ந்தால் வேறு எங்கோ போய் நிற்கும். ஒரு நாள் அந்தப் போனை மேஜையில் வைத்து, நீயே பார்த்துக்கோ என்று அவளிடம் விட்டுவிட்டு, தனக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டில் அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார், அவள் குரூப்பில் வந்ததை ஒவ்வொன்றாகப் படிப்பாள். அவர் பதில் சொல்வார், வாயில் உருளைக்கிழங்கோடு. அவள் தட்டச்சு செய்வாள். இப்படியே அவளுக்கும் பாதித் தொழில் வந்துவிட்டது. ஒரு முறை எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து வைக்கிற பெட்டி நின்றுபோய், அங்கிருந்த மெக்கானிக் முழித்துக்கொண்டு நிற்க, ஐஸ் சாப்பிட்டு முடிப்பதற்குள் இவள் வழி சொல்லி ஓட வைத்தாள். அந்த வாரம் முழுக்க அவள் கால் தரையில் படவில்லை.

அந்தக் குரூப்பை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். தன் அடுப்பு மேடையைத் துடைத்து வைப்பதுபோல வைத்திருந்தாள். ஒரு குப்பை இருக்கக்கூடாது. எது குப்பை என்பதில்தான் தகராறு.

நான் ஒரு குரூப்பிலும் இல்லை, எனக்கு எதற்கு. ஆனால் சுவர் வழியாக அந்தச் சண்டை முழுவதும் எனக்குப் பாடம். ஒருவர் சொன்னாராம், காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்கிறவனை முதலில் தூக்குங்கள், அதுதான் ஸ்பேம். பூப்படக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. நீ போடுகிற ஏசி ஒயரிங் படம்தான் எனக்கு ஸ்பேம், நான் ஃபிரிட்ஜ் மட்டும் பார்க்கிறவன், எனக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்றார். இன்னொருவர், விற்க வருகிறவன் எல்லாம் ஸ்பேம் என்றார். அப்படியானால் பழைய கம்ப்ரசர் இருக்கிறது, வேண்டியவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போன வாரம் நீ போட்டது என்ன என்று அவரை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். சொன்னதையே சொல்வதுதான் ஸ்பேம் என்று ஒரு கட்சி. கேட்காமல் சொல்வது ஸ்பேம் என்று ஒரு கட்சி. பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவே அண்ணி இதையெல்லாம் படிக்கப் படிக்க, நான் இந்தப் பக்கம் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே, எனக்குப் பிடிக்காதவன் சொல்வதெல்லாம் ஸ்பேம் என்று யாராவது நேர்மையாகச் சொல்லமாட்டார்களா என்று நினைத்துக்கொள்வேன்.

குரூப்பில் இன்னொரு அட்மின் உண்டு. ஏதோ சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர். அவர் பேர் ரூல்ஸ். அவர்தான் சண்டையைத் தீர்த்துவைத்தார். தானாகவே கண்காணிக்கிற ஒன்றைக் குரூப்புக்குள் வைத்தார், காவல்காரன் என்று அதற்குப் பேர். ஒரே செய்தியை ஒருவர் மூன்றாம் முறை போட்டால் காவல்காரன் போட்டதையெல்லாம் அழித்துவிட்டு, போட்டவர் வாயை மறுநாள் வரை அடைத்துவிடும். அட்மின்களுக்கு விலக்கு வைக்கட்டுமா என்று ரூல்ஸ் கேட்டதும், எனக்கும் சேர்த்தே போடுங்கள், எனக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டமா என்று இவள் சொன்னதும் எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு அதைப் புருஷனிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

இத்தனை சட்டத்துக்கும் அடங்காத ஒரே ஆள் ரிப்பீட்டு. எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்தினால் அந்த ஆளுக்குத் தூக்கம் வராது. நல்ல மெக்கானிக்தான் என்பார் ஐஸ். கெட்ட வழக்கம் என்னவென்றால், எதைச் சொன்னாலும் வால் மாதிரி, உதிரி பாகம் விற்கிற அவர் மச்சான் கடை நம்பர் ஒட்டிக்கொண்டு வரும். இந்த ஒயர் எரியும், ஜாக்கிரதை, நல்ல ஒயர் மச்சான் கடையில். இந்த ஸ்விட்ச் வெடிக்கும், ஜாக்கிரதை, நல்ல ஸ்விட்ச் மச்சான் கடையில். ஒயரும் எரிந்ததில்லை, ஸ்விட்சும் வெடித்ததில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்த கோடை அது. ஊரில் இருக்கிற ஃபிரிட்ஜ் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிட்டன. ஐஸ் விடிந்ததும் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார், சட்டை முதுகில் உப்பு பூத்திருக்கும். அந்தச் சமயத்தில் ரிப்பீட்டு ஒன்றைப் போட்டார். வெள்ளை மூடி போட்ட சிலிண்டரை வாங்காதீர்கள், உள்ளே இருப்பது தீப்பிடிக்கிற கேஸ், ஸ்டிக்கரை விரலால் தேய்த்தால் மை ஒட்டும், எனக்கு ஒரு பக்கப் புருவம் போய்விட்டது. அப்புறம் வழக்கம்போல, நல்ல கேஸ் மச்சான் கடையில்.

சிலிண்டர் என்றால் சமையல் சிலிண்டர் இல்லை. குளிர்ச்சிக்காக மெஷினுக்குள் ஏற்றுகிற கேஸ், இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகிற அளவுக்குச் சின்ன சிலிண்டரில் வரும். மெக்கானிக்குகள் வழக்கமாக ஏற்றுகிற கேஸ் தீப்பிடிக்காது. அதை நம்பித்தான் அவர்கள் அந்தக் கேஸ் ஓடுகிற குழாய்களையே, நெருப்புக் கக்குகிற டார்ச்சால் வெல்டிங் மாதிரிப் பற்றவைத்து ஒட்டுகிறார்கள்.

அண்ணி அதை அழித்தாள். ரிப்பீட்டு மறுபடி போட்டார். மறுபடி அழித்தாள். அப்போது ரிப்பீட்டு போனிலேயே கூப்பிட்டார். பால்கனி எங்கள் இருவர் வீட்டுக்கும் பொது, நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தானும் துணி காயப்போட்டாள்.

"கடைசி வரிய எடுத்துட்டுப் போடுங்கண்ணே. நானே அதை மேல தூக்கி எல்லாருக்கும் தெரியற மாதிரி வைக்கிறேன்."

"வாங்காதேன்னு சொன்னா போதுமா அண்ணி? எங்க வாங்கணும்னு சொல்ல வேண்டாமா? சீசன் நேரத்துல வேலைய நிறுத்திட்டு எவன் உட்காருவான்?"

"அப்ப அது விளம்பரம்தானே."

"விளம்பரம்னா விளம்பரம். அதுக்காக நெருப்பு சுடாம போயிடுமா?"

பயமுறுத்தித்தான் எல்லோரும் விற்கிறார்கள், பல் விழும் என்று சொல்லித்தான் பேஸ்ட் விற்கிறார்கள் என்று அண்ணி சொன்னாள். அவர் போனை வைத்துவிட்டார். வைத்த கையோடு அதையே மறுபடி போட்டார், மச்சான் கடை நம்பரோடு. காவல்காரன் வாயை அடைத்தது. வாயை அடைத்தது போதாதென்று அண்ணி அவரைக் குரூப்பை விட்டே தூக்கினாள். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், ரிப்பீட்டைத் தூக்கிட்டேன் என்றாள். எதற்கு என்று ஐஸ் கேட்டார். விளம்பரம் என்றாள். சரி விடு என்றார். அவ்வளவுதான். அந்தச் செய்தியை அவள் படிக்கவில்லை. குப்பையை அவள் அவருக்குப் படித்ததே இல்லை. களைத்து வந்து உட்கார்கிற மனுஷனுக்கு நல்லதாகப் பொறுக்கி எடுத்துத்தான் படிப்பாள், கல் பொறுக்கிவிட்டுச் சமைக்கிற மாதிரி.

அது நடந்து சில நாள் ஆகியிருக்கும். காலையிலேயே வெயில் கண்ணைக் குத்தியது. ஐஸ் ரொட்டியும் முட்டையும் தின்றுவிட்டு, டூல் பையைத் தோளில் மாட்டி, சிலிண்டர் ஒன்றை இடுக்கிக்கொண்டு படியிறங்கினதை நான் பார்த்தேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். கிடங்கு ரோட்டில் ஒரு குளிர் அறை என்று அண்ணியிடம் சொன்னது காதில் விழுந்தது. எந்தக் கிடங்கு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஊரின் மறுகோடியில் இருக்கிற ரோடு அது, இரண்டு பக்கமும் கிடங்குகள்தான். மீன், பழம், பால், மருந்து என்று ஆளுக்கொரு கிடங்கு வைத்திருக்கிறார்கள்.

நான் ஒரு சீருடைக் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அண்ணி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். அவள் அப்படி வருகிறவள் இல்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். குரூப்பில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். கட்டுப்போட்ட இரண்டு கை, முழங்கைவரை. கீழே, வெள்ளை மூடி சிலிண்டர், டார்ச் வைத்ததும் வெடித்தது, அறையில் இருந்த இன்னொருவர் நிலைமை மோசம் என்று எழுதியிருந்தது.

"அக்கா, அவரு எந்த மூடி எடுத்துட்டுப் போனாரு? நீங்க பாத்தீங்களா?"

நான் எங்கே மூடியைப் பார்த்தேன். மனுஷர் போனதைப் பார்த்தேன். அவள் பதிலுக்கு நிற்காமல் பால்கனிக்கு ஓடினாள், நானும் பின்னாலேயே. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய சாமான்கள். பழைய மோட்டார்கள், செம்புக் குழாய்ச் சுருள்கள், அவற்றுக்கு நடுவே ஒரு புது சிலிண்டர். இரண்டாக வாங்கி வந்திருந்தார், ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மிச்சம் இருந்ததன் தலையில் வெள்ளை மூடி.

அண்ணி குனிந்து ஸ்டிக்கரைக் கட்டை விரலால் தேய்த்தாள். விரலைத் திருப்பினாள். நீலமாக இருந்தது.

அவள் அவருக்குப் போன் போட்டாள். மணி போனது. முழுதாகப் போய் நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி முழுதாகப் போனது. குளிர் அறைக்குள்ளே இருப்பார், பை வெளியே இருக்கும் என்று நான் சொன்னேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே மறுபடி போட்டாள். இந்தத் தடவை மணி போகவில்லை. அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முதலில் புரியவில்லை. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்றேன்.

"இல்லக்கா. டார்ச் பத்தவைக்கப் போறாரு."

அவர் வழக்கம் அது. எப்போதோ ஒரு நாள் டார்ச் பிடித்திருக்கும்போது சட்டைப் பையில் போன் அலறி, திடுக்கிட்டுத் திரும்பியதில் நெருப்பு மணிக்கட்டை நக்கிவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்கப்புறம் டார்ச்சைக் கையில் எடுப்பதற்கு முன்னால் போனை அணைப்பார், வேலை முடிந்துதான் போடுவார். இது அவளுக்கு எத்தனையோ நாள் உதவியாக இருந்த விஷயம். போன் அணைந்திருந்தால் பற்றவைக்கிற வேலை நடக்கிறது, அடுத்தது கேஸ் ஏற்றுவது, அப்புறம் கிளம்புவார், அரிசி களையலாம் என்று கணக்குப் போடுவாள். இன்று அந்தக் கணக்கு அவள் கழுத்தைப் பிடித்தது. மூடின அறை. பழைய பழுதுக் குழாயைப் பிரித்து, உள்ளே கொஞ்சம் கேஸ் விட்டு எங்கே ஒழுகுகிறது என்று பார்த்திருப்பார். அது அறையெல்லாம் பரவி நிற்கும். அதற்கு நடுவில் டார்ச்.

குரூப்பில போடு என்று நான் கத்தினேன். என் குரலே எனக்குப் பயமாக இருந்தது. அவள் எழுதினாள். உங்கள் அண்ணன் கிடங்கு ரோட்டில் இருக்கிறார், கையில் வெள்ளை மூடி சிலிண்டர், பக்கத்தில் இருப்பவர்கள் உடனே ஓடிப்போய்ச் சொல்லுங்கள், நெருப்பு வைக்கக்கூடாது என்று. போட்டாள். யாரும் பார்த்த அடையாளம் இல்லை. வேலை நேரம், எவன் போனைப் பார்க்கிறான். மறுபடி போட்டாள். ஒருவர் மட்டும் ஒரு கும்பிடுகிற கையைப் போட்டார். அவள் வெறி பிடித்த மாதிரி அதையே இன்னொரு தடவை போட்டாள்.

போட்டது காணாமல் போனது. முன்னால் போட்டவையும் காணாமல் போயின. அந்த இடத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி. ஒரே செய்தி மூன்றாம் முறை. குப்பை நீக்கப்பட்டது. அனுப்பியவரால் நாளை வரை எழுத முடியாது.

அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரூல்ஸுக்குப் போன் போடச் சொன்னேன். போட்டாள், அவர் எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன் என்று ஒரு செய்தி தானாக வந்து விழுந்தது. அதுவும் தானாக. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் போனைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பேன், மெக்கானிக்குகள் நம்பர் எல்லாம் அதில்தான் இருந்தன என்பதால் விட்டேன்.

நானே தீயணைப்புக்குப் போன் போட்டேன். எங்கே தீ என்று கேட்டார்கள். இன்னும் பிடிக்கவில்லை என்றேன். எந்தக் கட்டடம் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அம்மா, இடம் தெரிஞ்சதும் கூப்பிடுங்க, லைனைப் பிடிச்சு வெச்சிருக்காதீங்க என்று ஓர் ஆள் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அண்ணி செருப்பை மாட்டினாள். எங்கே என்று போவாய் என்று கையைப் பிடித்தேன். அந்த ரோட்டுக்குப் போய்ச் சேரவே வெகுநேரம் ஆகும். அப்போதுதான் அவளுக்கு ரிப்பீட்டு ஞாபகம் வந்தது. அவர் வீடு அந்தப் பக்கம். தான் தூக்கி எறிந்தவரைக் கூப்பிட அவளுக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் வரவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

"அண்ணே, நான்தான்."

"என்ன அண்ணி, இன்னும் தூக்கறதுக்கு என்ன பாக்கி இருக்கு?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். வெள்ளை மூடி, வெள்ளை மூடி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போனை வாங்கி, ஐஸ் கிடங்கு ரோட்டில் இருக்கிறார், போன் அணைந்திருக்கிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். போன் அணைந்தால் என்ன அர்த்தம் என்று மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும்போல. அந்தப் பக்கம் பைக் உதைக்கிற சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் நடந்தது ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை. இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்திருந்தோம். தெருவில் ஒருவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். எதிர் மாடியில் ஒரு பெண் போர்வையை உதறினாள், அந்தச் சத்தத்துக்கு அண்ணி தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். காலையில் தின்ற தட்டைக்கூட இன்னும் கழுவவில்லை அக்கா என்றாள். ரொட்டி கருகிப்போச்சு, அதையும் ஒண்ணும் சொல்லாம தின்னுட்டுப் போனாரு என்றாள். அப்புறம், அன்னிக்குச் சாப்பிடும்போது எதுக்குன்னு கேட்டாரு, அப்பவாவது படிச்சிருக்கலாம், ஒரு வரிதானே என்றாள். அதை அவள் எத்தனை தடவை சொன்னாள் என்று தெரியாது. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். தைரியம் சொல்ல வேண்டியவள் நான். ஆனால் தூரத்தில் எங்காவது புகை தெரிகிறதா என்று கண் தானாகத் தேடியது. நடுவில் அவள் அவர் நம்பரைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். அந்தப் பெண் குரல் ஒவ்வொரு தடவையும் அதே நிதானத்தில் அதையே சொன்னது.

அங்கே என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ரிப்பீட்டு ஒவ்வொரு கிடங்கு வாசலிலும் வண்டியை நிறுத்தி, உள்ளே ஃபிரிட்ஜ் மெக்கானிக் இருக்காரா, நெருப்பு வைக்க வேண்டாம்னு சொல்லுங்க என்று கத்தியிருக்கிறார். இல்லை என்றதும் அடுத்த வாசல். ஒரு பழக் கிடங்கில், வாட்ச்மேன் இந்த ஆளை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார். ஒரு புருவம் இல்லை, சட்டைப் பையில் மச்சான் கடைக் கார்டுகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. வேலை பிடிக்க வந்த ஆள், உள்ளே இருப்பவர் வேலையைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டார். சேல்ஸ்மேன்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பலகையே இருக்கிறதாம். அதைக் காட்டிப் போகச் சொல்லியிருக்கிறார். இவர் கத்தியிருக்கிறார். அவர் கேட்டைச் சாத்தியிருக்கிறார். இவர் கேட்டைப் பிடித்து உலுக்கி அதையே மறுபடி கத்தியிருக்கிறார். மறுபடி, மறுபடி. தொண்டை கிழியக் கத்துகிறவரைப் பார்க்கத் தெருவே கூடிவிட, இந்தத் தொல்லை தாங்காமல் வாட்ச்மேன் உள்ளே போய், சார், வெளியே ஒருத்தன் நெருப்பு வைக்காதேன்னு சொன்னதையே சொல்லிட்டு நிக்கிறான், வந்து என்னன்னு கேட்டு அனுப்புங்க என்று சொல்லியிருக்கிறார். சொன்னதையே சொல்கிறவன் என்றதும் ஐஸுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. குழாய் முனைகளைத் தேய்த்து முடித்து அப்போதுதான் பற்றவைக்கப் போனவர், ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் லைட்டருமாக எழுந்து வெளியே வந்திருக்கிறார்.

எங்களுக்குப் போன் வந்தது ரிப்பீட்டிடமிருந்து. அண்ணி எடுத்தாள். எடுத்தவள் காதில் வைக்கவில்லை, என்னிடம் நீட்டினாள்.

"இருக்காரு. ஆள் இருக்காரு. சொல்லுங்க அண்ணிகிட்ட, இருக்காரு, நல்லா இருக்காரு, இருக்காரு."

முதல் முறையாக அந்த ஆள் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்குப் போதவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். வெளியே காலி இடத்தில் அந்தச் சிலிண்டரைக் கொஞ்சமாகத் திறந்து, நீளக் கம்பில் துணி சுற்றி நெருப்பு காட்டிப் பார்த்தார்களாம். ஆள் உயரத்துக்கு எழும்பியதாம். அதைப் பார்த்து ஐஸ் மண்ணில் உட்கார்ந்தவர், இன்னும் எழவில்லையாம்.

அண்ணி ஓவென்று அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உள்ளே போய்க் காலைத் தட்டைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

ஐஸ் பொழுது சாய்வதற்கு முன்னாலேயே வந்தார். படியில் என்னைப் பார்த்ததும் தலையைச் சாய்க்க முயன்றார், சரியாக வரவில்லை. ரூல்ஸ் மீட்டிங் முடிந்து கூப்பிட்டு, அண்ணியின் வாய்ப்பூட்டை எடுத்துவிட்டார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சட்டப்படிதான் நடந்தது என்றாராம். ரிப்பீட்டைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்த உடனே அவர் அந்தச் செய்தியைப் போட்டார். போட்டுவிட்டு மறுபடியும் போட்டார்.

அன்றைக்கு மெஷினில் உட்கார எனக்கு மனசில்லை. ஆனாலும் சீருடை நாளைக்கே வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம், தட்டு வைக்கிற சத்தம். பிறகு அவள் குரல். படிக்க ஆரம்பித்தாள்.

காலை வணக்கம், மஞ்சள் பூ என்றாள். இன்னொரு காலை வணக்கம், சூரியன் என்றாள். பழைய வாஷிங் மெஷின் விற்பனைக்கு. தலைமுடி உதிராமல் இருக்க எண்ணெய். யாரோ யாருக்கோ தவறி அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து. அவர் முதலில் ம், ம் என்றார். அப்புறம், இதெல்லாம் எதுக்கு, நீ சாப்பிடு என்றார். அவள் நிறுத்தவில்லை. பூப்படத்தையும் விடவில்லை, கும்பிட்ட கையையும் விடவில்லை. அவர் சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று நினைக்கிறேன், தட்டுச் சத்தம் நின்றுபோனது. எழுந்து போகவில்லை, உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் ரிப்பீட்டுடையது வந்தது. வெள்ளை மூடி, மை ஒட்டுகிற ஸ்டிக்கர், புருவம் எல்லாவற்றையும் படித்தாள். மச்சான் கடை நம்பரை ஒவ்வோர் எண்ணாக, குழந்தைக்குச் சொல்லித் தருகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பிறகு, மறுபடியும் போட்டிருக்காருங்க என்று சொல்லி, அதையும் முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.